கியோட்டோவில் ஓராண்டு: முதல் பதினான்கு நாள்

மார்ச் 28, 2024, வியாழன் – கன்சாய் விமான நிலையம்

படிப்பு முடிந்து வேலையில் சேருமுன் ஓராண்டு ஜப்பானில் இருந்து பார்க்க ஆசைப்படும் இந்தியருக்கு நடைமுறையில் இருக்கும் வழி, மொழிப் பள்ளியில் சேர்ந்து மாணவர் விசாவில் வருவதுதான். கொரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு 'வொர்க்கிங் ஹாலிடே' விசா உண்டு. இந்தியாவோடு அப்படி ஓர் ஒப்பந்தம் ஜப்பானுக்கு இல்லை. ஏப்ரலில் வகுப்பு தொடங்க வேண்டுமானால் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே பள்ளிக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

குடியேற்ற மேசையில் வசிப்பு அட்டையை அங்கேயே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். 'சாய்ரியூ கார்டு' என்பது அதன் பெயர். பலரும் தவறவிடுவது இன்னொரு தாள்: பகுதிநேர வேலைக்கான அனுமதி விண்ணப்பம். முதல்முறை வரும் மாணவர் அதை நிரப்பி அதே மேசையில் நீட்டினால் அட்டையின் பின்புறத்தில் அப்போதே அனுமதி பதிவாகிவிடும். தவறினால் ஊருக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ப் பல வாரம் காத்திருக்க வேண்டும். அனுமதி வாரத்துக்கு 28 மணி நேரம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். மதுக்கூடம், பச்சிங்கோ சூதாட்டக்கூடம் போன்ற இடங்களில் பாத்திரம் கழுவக்கூட அனுமதி இல்லை. 2024 மார்ச்சில் கியோட்டோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,008 யென். 28 மணி நேரமும் உழைத்தால் மாதம் சுமார் 1,20,000 யென். அப்போதைய மாற்று விலையில் 100 யென் ஏறக்குறைய 55 ரூபாய். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது போதும். பள்ளிக் கட்டணத்துக்குப் போதாது. அந்தப் பணம் கையில் இல்லாமல் கிளம்பவே கூடாது.

ஜப்பான் முழுக்க ரயிலில் சுற்றும் புகழ்பெற்ற 'ரயில் பாஸ்' குறுகிய காலப் பயணிகளுக்கு மட்டும். மாணவர் விசாவில் வந்தவர் முன்கூட்டி வாங்கிவைத்தால் பணம் மாட்டிக்கொள்ளும்.

மார்ச் 29, வெள்ளி – இருட்டு அறை

வாடகை அறைகளை இங்கே பாய்க் கணக்கில் அளக்கிறார்கள். ஆறு பாய் அறை என்றால் ஏறக்குறைய பத்து சதுர மீட்டர். சாவி கொடுக்குமுன் வாங்கும் பணத்தில் முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'நன்றிப் பணம்', பிணை நிற்கும் நிறுவனத்துக்குக் கட்டணம், தரகு, முதல் மாத வாடகை எல்லாம் அடங்கும். மொத்தம் நான்கைந்து மாத வாடகை ஆகிவிடும். ஓராண்டுக்கு வருகிறவருக்குப் பள்ளி விடுதியோ பகிர்வு வீடோதான் கட்டுப்படியாகும்.

தனி அறை எடுத்தவர்களை முதல் இரவே தாக்குவது இருட்டு. காலி வீட்டில் கூரை விளக்கு இருக்காது, திரைச்சீலையும் இருக்காது. கூரையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கிச் சாக்கெட் மட்டும் இருக்கும். கடையில் 3,000 முதல் 5,000 யென்னுக்கு விளக்கு வாங்கி அதில் வைத்துத் திருகினால் பொருந்திக்கொள்ளும், எலெக்ட்ரீஷியன் வேண்டாம். ஆனால் மாலையில் சாவி வாங்கினால் கடை மூடுமுன் ஓட வேண்டும்.

அடுத்தது எரிவாயு. மின்சாரமும் தண்ணீரும் இணையத்திலோ தொலைபேசியிலோ சொன்னால் வந்துவிடும். எரிவாயுவை மட்டும் ஊழியர் நேரில் வந்து, வீட்டில் ஆள் இருக்கும்போது சோதித்துத்தான் திறப்பார். மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் நாடே வீடு மாறும் காலம் என்பதால் முன்பதிவு நிரம்பிக் கிடக்கிறது. இந்த அறைக்கு ஏப்ரல் 2-தான் கிடைத்தது. அதுவரை வெந்நீர் இல்லை. இரவு ஐந்தாறு டிகிரிக்கு இறங்குகிறது.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவர வேண்டாம். இங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி முனகுமே தவிர அரைக்காது. பிரஷர் குக்கர் கொண்டுவரலாம், ஆனால் இன்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்ற அடிப்பாகமுள்ள எவர்சில்வர் குக்கராக இருக்கட்டும். பல சிறிய அறைகளில் மின் அடுப்புதான். சாதாரண அலுமினியக் குக்கரை அது கண்டுகொள்ளாது.

மார்ச் 30, சனி – பொதுக் குளியல்

வெந்நீர் இல்லாத வீட்டுக்கு விடை 'செந்தோ'. கியோட்டோவில் இன்னும் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறது; ஐந்நூறு யென் சுமார். செருப்பை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டி, பணம் கட்டி, ஆண் பெண் தனித்தனித் திரையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். துணி எதுவும் கூடாது. நம்மவருக்கு இதுதான் பெரிய தயக்கம். ஆனால் உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

முறை இதுதான்: குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் கழுவி, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சூட்டில் ஊற. நின்றுகொண்டு ஷவர் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். அதைத்தான் இங்கே பெரிய மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். சிறு துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். உடை மாற்றும் அறைக்குத் திரும்புமுன் உடம்பைத் துடைத்துவிட வேண்டும்.

கன்சாய்ப் பகுதிக் குளியலறைகளில் 'தென்கி புரோ' என்று ஒரு தொட்டி உண்டு. சுவர்த் தகடுகள் வழியாக மெல்லிய மின்சாரம் தண்ணீரில் ஓடும். தசைவலிக்கு நல்லது என்று முதியவர்கள் விரும்பி உட்காருகிறார்கள். தெரியாமல் இறங்கினால் இடுப்பு இழுத்துப் பிடித்துத் திடுக்கிட வைக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது.

மார்ச் 31, ஞாயிறு – பேருந்து

பழைய வழிகாட்டிகள் சொல்லும் ஒருநாள் பேருந்துச் சீட்டுக்கு இன்றோடு முடிவு. போன செப்டம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். வாங்கி வைத்தவர்கள் பயன்படுத்த இன்று கடைசி நாள். பேருந்து நெரிசலைக் குறைத்துச் சுற்றுலாக்காரரைச் சுரங்க ரயிலுக்கு அனுப்புவது நோக்கம். இனி இரண்டுக்கும் சேர்த்த 1,100 யென் சீட்டுதான். நகருக்குள் ஒரு பயணம் 230 யென். பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கும்போது கட்ட வேண்டும். பெட்டி மீதிச் சில்லறை தராது. நாணயம் மாற்றும் துளை தனி. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்வது பின்னால் நிற்பவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

செர்ரிப் பூ இந்த ஆண்டு தாமதம். டோக்கியோவிலேயே மார்ச் 29-ல்தான் மலர்ந்ததாக அறிவித்தார்கள். கூடவே வருவது மகரந்தத் தும்மல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலைகளெங்கும் நட்ட சுகி மரங்களின் மகரந்தம் பிப்ரவரியிலிருந்து பறக்கிறது. அடுத்து ஹினோக்கி மரம் தொடங்கும். தெருவில் பாதிப் பேர் முகக்கவசத்தோடு இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஏப்ரல் 1, திங்கள் – வட்ட அலுவலகம்

இந்தப் பதினான்கு நாளின் நடுத்தூண் இது. குடியிருக்கும் இடம் முடிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் 'குயாக்குஷோ' என்ற வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தவறினால் 2,00,000 யென் வரை அபராதம் உண்டு. தரையிறங்கி 90 நாளாகியும் பதியாவிட்டால் விசாவையே ரத்து செய்யலாம். முகவரி அட்டையின் பின்னால் அச்சான பிறகுதான் மற்ற எல்லாம் நகரும்: போன், வங்கி, காப்பீடு, வேலை. ஏப்ரல் முதல் திங்கள் மிகவும் கூட்டமான நாள்; காலை எட்டரைக்கே போனாலும் மூன்று மணி நேரம் ஆகிறது. முடிந்தால் புதன், வியாழனுக்குத் தள்ளிப் போடலாம்.

கொண்டுபோக வேண்டியவை வசிப்பு அட்டை, பாஸ்போர்ட், கட்டட எண்ணும் அறை எண்ணும் உட்பட ஜப்பானிய எழுத்தில் முழு முகவரி. அறை எண்ணை விட்டுவிட்டால் பிறகு வரும் தபால் எல்லாம் திண்டாடும்.

தமிழருக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். இங்கே குடும்பப்பெயரைத்தான் முதலில் எழுதி, அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ராமசாமி மகன் செந்தில்குமார் ஓராண்டுக்கு 'ராமசாமி-சான்' ஆகிவிடுவார். வரிசையில் அந்தப் பெயரைக் காதில் வாங்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் கத்தகானா எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பது. ழ, ள, ல, ர எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே ஒலிதான். முருகேசனை ஒரு மேசையில் 'முருகேசன்' என்றும் இன்னொன்றில் 'முருகேசான்' என்றும் எழுதினால் வங்கிப் பெயரும் சம்பளப் பட்டியல் பெயரும் பொருந்தாமல் பணம் திரும்பிப் போகும். வருமுன்னே ஓர் எழுத்துமுறையை முடிவுசெய்து தாளில் எழுதி வைத்து, எங்கும் அதையே நீட்டுவதுதான் தீர்வு.

அதே தளத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்க்கிறார்கள். மருத்துவரிடம் போனால் நாம் கட்டுவது செலவில் 30 சதவீதம். போன ஆண்டு வருமானம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சந்தா பெரிதும் குறைந்து மாதம் 2,000 யென் அளவுக்கு வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கொடுக்காதவருக்குத் தள்ளுபடி வராது. இருபது வயது முடிந்தவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டாயம். 2024 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அது மாதம் 16,980 யென். மாணவர் சலுகை எல்லா மொழிப் பள்ளிக்கும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் வருமானமற்றோருக்கான விலக்கைக் கேட்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் பாக்கியாக ஏறும்.

ஏப்ரல் 2, செவ்வாய் – குப்பை

எரிவாயு வந்துவிட்டது. கூடவே முதல் குப்பை நாளும்.

கியோட்டோவில் எரிக்கும் குப்பைக்கு மஞ்சள் பை, வாரம் இருமுறை. 45 லிட்டர் பை 45 யென், 10 லிட்டர் பை 10 யென்: லிட்டருக்கு ஒரு யென். எடுத்துப்போகும் கட்டணம் பையின் விலையிலேயே அடக்கம். கேன், கண்ணாடி, பெட் பாட்டிலுக்கு ஒளி ஊடுருவும் பை, வாரம் ஒருமுறை. பிளாஸ்டிக்குக்கும் அதே மாதிரிப் பை, ஆனால் வேறு நாள். அந்தப் பைக்கு விலை பாதி. பிரித்துப் போடுகிறவர் குறைவாகச் செலவழிக்கட்டும் என்ற நல்ல எண்ணம். காலை எட்டுக்குள் வைக்க வேண்டும். முந்தைய இரவு வைத்தால் காகம் கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கும். அதற்குத்தான் மேலே வலை போட்டு மூடுவது. தவறாகப் பிரித்த பையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அங்கேயே விட்டுப் போகிறார்கள். யாருடையது என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். எடுத்துப் போய்த் திருத்தி, அடுத்த நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

வடை, அப்பளம் பொரிக்கும் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி: பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்துப் பேட்டையிலுள்ள சேகரிப்பு இடத்தில் கொடுக்கலாம். நகராட்சி 1997-ல் அதை எரிபொருளாக்கிக் குப்பை லாரிகளை ஓட்டத் தொடங்கியது.

ஏப்ரல் 3, புதன்

காலை ஒன்பது மணிக்குத் தைவானின் ஹுவாலியன் அருகே பெரிய நிலநடுக்கம். ஓகினாவா தீவுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை. தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் அமைதியை விட்டுவிட்டு உரத்த குரலில் 'உடனே ஓடுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யோனகுனி தீவுக்கு வந்த அலை 30 சென்டிமீட்டர்தான். கியோட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் 2004 டிசம்பரில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட கடற்கரையிலிருந்து வருகிறவருக்கு, அது பிறந்த மொழியில் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. 'சு' துறைமுகம், 'நாமி' அலை.

இன்றே செய்ய வேண்டியவை: போனில் எச்சரிக்கைச் செயலி, வீட்டுக்கருகே தஞ்சமிடம் எந்தப் பள்ளி என்று பார்த்து வைப்பது, படுக்கைத் தலைமாட்டில் செருப்பும் டார்ச்சும். கண்ணாடி உடைந்த தரையில் வெறுங்காலோடு ஓட முடியாது.

ஏப்ரல் 4, வியாழன் – சைவச் சாப்பாடு

'மாமிசம் வேண்டாம்' என்று சொன்னால் போதாது. 'நிக்கு' என்ற சொல்லுக்குள் மீன் அடங்காது. பல கடைகளில் கோழித் துண்டுகூட அடங்காது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த கீரை, முட்டைக்கோஸ் அடை என்று எதை எடுத்தாலும் அடியில் 'தாஷி' இருக்கும். பெரும்பாலும் காய்ந்த கட்சுவோ மீன் சீவலில் எடுத்த சாறு. கடைக்காரர் நேர்மையாக 'மீன் இல்லை' என்பார். அவர் கணக்கில் சாறு மீன் அல்ல. 'கட்சுவோ தாஷி இருக்கிறதா' என்று பெயர் சொல்லிக் கேட்டால் சரியான பதில் வரும்.

கடைப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பட்டியலை நம்பிச் சைவம் பார்க்க முடியாது. 2024-ல் கட்டாயம் அச்சிட வேண்டியிருந்தவை முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, சோபா (பக்வீட் தானியம்), நிலக்கடலை, வால்நட் என எட்டுதான். மீன், பன்றி, மாடு, கோழி, ஜெலட்டின் அதில் இல்லை. உட்பொருள் வரியைத்தான் வாசிக்க வேண்டும். மாமிசத்துக்கான எழுத்து, திறந்த பெட்டிக்குள் இரண்டு மனிதர்கள் மேலும் கீழும் நிற்பது போலிருக்கும். மீன் எழுத்தின் அடியில் நான்கு புள்ளி. கோழி எழுத்தின் ஒரு பாதியிலும் அதே நான்கு புள்ளி. ஆனால் கருப்பு, வேகவைத்த என்ற சொற்களிலும் அந்தப் புள்ளிகள் வரும் என்பதால், புள்ளியைப் பார்த்ததும் பொட்டலத்தை வைத்துவிடாமல் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்ப்பது நல்லது. கட்டிக் குழம்புப் பொடி என்று விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

சமைத்தால் பிரச்சினை தீர்ந்தது. தோஃபு கட்டி நூறு யென்னுக்குள். 400 கிராம் தயிர் 150 யென் சுமார். ஐந்து கிலோ அரிசி 2024 ஏப்ரலில் 2,000 யென். ஒட்டும் அரிசி சாம்பாருக்குச் சரிவராது. தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் இதைவிட நல்ல அரிசி கிடைக்காது. இட்லி மாவு இந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் பொங்காது. இங்குள்ள பல மைக்ரோவேவ் அவன்களில் ரொட்டி மாவு புளிக்க 40 டிகிரி விசை ஒன்று உண்டு. அதில் இடைவெளி விட்டு விட்டு வைத்தால் பொங்கிவிடும்.

ஏப்ரல் 5, வெள்ளி – போனும் வங்கியும்

வங்கியில் கணக்குத் திறக்க ஜப்பானிய போன் எண் கேட்பார்கள். போன் நிறுவனம் மாதத் தொகைக்கு ஜப்பானிய வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்க வெளிநாட்டு அட்டையிலோ கன்வீனியன்ஸ் கடையிலோ பணம் கட்ட விடும் சிம் ஒன்றை முதலில் எடுக்க வேண்டும். முகவரி அச்சான வசிப்பு அட்டை இல்லாமல் குரல் சிம் கிடைக்காது. வந்து ஆறு மாதம் ஆகாதவரை அந்நியச் செலாவணிச் சட்டம் 'வசிக்காதவர்' என்று கணக்கிடுவதால் பல வங்கிகள் மறுத்துவிடும். மாணவர் அட்டை காட்டினால் அஞ்சல் வங்கியில் வழி உண்டு. பள்ளிகளும் அங்கேதான் அனுப்புகின்றன.

மறுப்பு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'இல்லை' என்ற சொல் வராது. 'சோத்தோ...' என்று இழுத்துத் தலையைச் சாய்த்து மூச்சை உள்ளே இழுத்தால் அதுதான் மறுப்பு. காத்திருந்து பயன் இல்லை; நன்றி சொல்லி எழுந்துவிடலாம். அதேபோல் கடையில் பை வேண்டுமா என்றதற்கு 'தைஜோபு' என்று நாம் சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள்.

ஏப்ரல் 6, சனி – கோபே

துவரம்பருப்பு, புளி, பெருங்காயத்துக்குக் கோபேயின் இந்தியக் கடைகள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், 1,100 யென் சுமார். பருப்பு கிலோ ஐந்நூறு, அறுநூறு. நீண்ட காலமாக இந்திய வணிகர்கள் குடியிருக்கும் துறைமுக நகரம் இது. 1985-ல் கட்டிய பளிங்குச் சமணக் கோயில் ஒன்றும் உண்டு. கறிவேப்பிலையை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

ஏப்ரல் 8, திங்கள் – வகுப்பு

நாளுக்கு நான்கு பாட வேளை, வாரம் ஐந்து நாள். வருகைப்பதிவு குறைந்தால் விசா நீட்டிப்புச் சிக்கலாகும். காய்ச்சல் என்றாலும் பள்ளிக்குச் சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவருக்கு வாக்கியம் அப்படியே உட்காருகிறது. 'மிசே நி இகிமாஷித' என்பதில் மிசே கடை, நி '-க்கு', இகிமாஷித போனேன். 'தபேதே மிரு' தின்று பார். 'தபேதே ஷிமவ்' தின்றுவிடு. 'கத்தே ஒகு' வாங்கி வை. பார், விடு, வை என்ற துணைவினைகள் இரண்டு மொழியிலும் ஒரே வேலையைச் செய்கின்றன. கொரே, சொரே, அரே, தோரே என்பதை ஆசிரியர் அரைமணி நேரம் விளக்குகிறார்; யாழ்ப்பாணத்தாருக்கு இது, உது, அது, எது என்றால் முடிந்தது. இரு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும் நமக்கு இது பெரிய கைமுதல்.

சறுக்குவது க, த, ப ஒலிகளில். சாவிக்கும் (kagi) சீமைப் பனிச்சம் பழத்துக்கும் (kaki) தமிழில் 'ககி' என்று ஒரே மாதிரி எழுதிவிடுவோம். அவர்களுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். அதனால் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எடுக்கும் பழக்கத்தை முதல் வாரமே விட்டு, 46 ஹிரகானா எழுத்தையும் படித்துவிட வேண்டும். குறில் நெடிலில் நமக்குக் கஷ்டமில்லை. ஒபசான் அத்தை, ஒபாசான் பாட்டி.

ஏப்ரல் 9, செவ்வாய் – மழையில் சைக்கிள்

கியோட்டோ சமதளம், சைக்கிள் இருந்தால் மாதம் பல ஆயிரம் யென் மிச்சம். பழைய சைக்கிளை நண்பரிடம் வாங்கினால் கைமாறிய சான்றுத் தாளும் வாங்கி, கடையில் திருட்டுத் தடுப்புப் பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இரவில் போலீசார் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பது சாதாரணம்; வேறு பெயர் வந்தால் விளக்கம் சொல்லி மாளாது. கியோட்டோவில் 2018 ஏப்ரல் முதல் சைக்கிள் காப்பீடு கட்டாயம். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 10, புதன் – தபால் பெட்டி

பதினான்காம் நாள். வங்கி அட்டை, காப்பீட்டுச் சான்று, அடையாள எண் அறிவிப்பு எல்லாம் தபாலில்தான் வரும். முகவரி சரியாக இருந்தாலும் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால், அங்கே அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று தபால்காரர் அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். வங்கி அட்டை அப்படிப் போனால் மீண்டும் வங்கியில் வரிசை. ஆங்கிலத்திலும் கத்தகானாவிலும் பெயரை எழுதிப் பெட்டியிலும் கதவிலும் ஒட்ட வேண்டும். பதிவுத் தபால் வந்தபோது வீட்டில் ஆள் இல்லையென்றால் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஏழு நாள் வைத்திருப்பார்கள். சீட்டிலுள்ள எண்ணில் மறுவிநியோகத்துக்கு நேரம் குறிக்கலாம். வகுப்பு உள்ளவர்களுக்கு இரவு 7 முதல் 9 வரை உள்ள வேளை பொருந்தும்.